ஸ்க்ரூ கம்ப்ரசர்: நான்கு வருட அனுபவம், வாரண்டி சமாச்சாரமும் சேர்த்து

கோவை கணபதியில் சின்ன லேத் பட்டறை. பழைய பிஸ்டன் கம்ப்ரசரை ஓரங்கட்டிவிட்டு 20 எச்.பி. ஸ்க்ரூ கம்ப்ரசர் (திருகுகள் சுற்றிக் காற்றை அழுத்தும் மெஷின்) வாங்கி நான்கு வருடம் ஆகிறது. சத்தம் குறைவு, 7 பார் பிரஷர் நிலையாக நிற்கிறது. மெஷினைப் பற்றிப் பெரிய குறை இல்லை. எங்களை அலைக்கழித்ததெல்லாம் காகிதம்தான்.

லாரி வந்தது இருட்டும் நேரத்தில். டிரைவருக்கு அவசரம். மரப்பெட்டியின் ஒரு மூலை பிளந்திருந்தது. கையெழுத்துப் போடுமுன் எல்.ஆர். (லாரி ரசீது) பிரதியில், "பேக்கிங் மூலை உடைந்துள்ளது, பிரித்துப் பார்க்கவில்லை" என்று எழுதினேன். டிரைவர் முகம் சுளித்தார். பரவாயில்லை என்று லாரி நம்பரோடு போட்டோவும் எடுத்துக்கொண்டேன். மறுநாள் பிரித்தால் ஆயில் கூலரின் தகடுகள் மடங்கிக் கிடந்தன. டீலர் லாரிக்காரரைக் கைகாட்டினார், லாரிக்காரர் பேக்கிங்கைக் கைகாட்டினார். எக்ஸ்-ஒர்க்ஸ் விலையில் (தொழிற்சாலை வாசலிலேயே பொறுப்பு நமக்கு மாறிவிடும்) வாங்கியதால் வழியில் என்ன ஆனாலும் நம் தலையில்தான். நல்லவேளை, டிரான்சிட் இன்சூரன்ஸ் போட்டிருந்தோம். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்ததும் முதலில் கேட்டது அந்த எல்.ஆர். பிரதியைத்தான். வெறும் கையெழுத்து மட்டும் இருந்திருந்தால், நல்ல நிலையில் வந்ததாகவே எடுத்துக்கொள்வார்களாம். லாரி கம்பெனிக்கும் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தோம். 2007-ம் வருட சாலைவழிச் சரக்குச் சட்டப்படி, புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் கொடுக்காவிட்டால் பிறகு வழக்கே போட முடியாது.

அடுத்தது என் சொந்தத் தவறு. வாரண்டி "கமிஷனிங்கிலிருந்து 12 மாதம் அல்லது டிஸ்பேட்ச்சிலிருந்து 18 மாதம், எது முந்தியோ அது" என்று இருந்தது. கமிஷனிங் என்றால் மெஷினைப் பொருத்தி ஓடவிடுவது, டிஸ்பேட்ச் என்றால் கம்பெனியிலிருந்து அனுப்புவது. ஒரு வருடம் எப்படியும் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டேன். புது ஷெட் முடிந்து ஈ.பி.யில் கூடுதல் லோடு கிடைப்பதற்குள் எட்டு மாதம் ஓடிவிட்டது. டிஸ்பேட்ச் கணக்கில் மிச்சம் பத்தே மாதம்!

எட்டு மாதம் சும்மா நின்ற மெஷின் என்பதால், கமிஷனிங்குக்கு வந்த இன்ஜினியர் மோட்டாரை மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்த்தார். ஏர்எண்டில் (காற்றை அழுத்தும் ஸ்க்ரூ பகுதி) கொஞ்சம் ஆயில் ஊற்றிக் கையால் சுற்றிவிட்டார். ஸ்விட்சை ஒரு நொடி தட்டி, சுற்றும் திசை சரியா என்றும் பார்த்தார். ஸ்க்ரூ தலைகீழாகச் சில நொடி ஓடினாலே ஏர்எண்ட் காலி. சீரியல் நம்பர், ஹவர் மீட்டர், அன்றைய தேதி மூன்றையும் ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லி ஒரு காப்பி வாங்கி வைத்தேன்.

ஓட ஆரம்பித்த பத்தாவது மாதம் ஷாஃப்ட் சீலில் ஆயில் கசிந்தது. அன்று மாலையே மெயில் அனுப்பினேன். ஆள் வந்து சேர மூன்று வாரத்துக்கு மேலாயிற்று. அதற்குள் வாரண்டி முடிந்துவிட்டது என்றார்கள். மெயில் தேதியைக் காட்டினேன். அப்புறம் கம்பெனி ஆயில் வாங்கிய பில்லையும் சர்வீஸ் பதிவையும் கேட்டார்கள். இரண்டும் இருந்தன. சீல் இலவசம், ஆயிலுக்கு மட்டும் பணம் கட்டினேன்.

போன வருடம் காற்றின் ஈரத்தை எடுக்கும் டிரையர் வாங்கியபோது, டிஸ்பேட்ச் கணக்கை அடித்துவிட்டு "கமிஷனிங்கிலிருந்து 12 மாதம்" என்று மட்டும் பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதினேன். விற்பனையாளர் முனகினார், ஆனால் ஒப்புக்கொண்டார்.