ஒரு புள்ளியில் போன நாலு மணி நேரம்: கிட்டுடன் ஐந்து வருடம்

போன வாரம் பழைய ஆபீஸ் நண்பன் கூப்பிட்டான். "மச்சான், எங்க டீம் இன்னமும் சப்வெர்ஷன்லதான் ஓடுது. இந்த வருஷமாவது மாத்துங்கன்னு மேல சொல்லிட்டாங்க. நீ மெர்க்குரியலும் பார்த்தவன், கிட்டும் பார்த்தவன். எதுக்குப் போறது?"

மூன்றும் கோடு கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகச் சேமித்து வைக்கும் மென்பொருள்கள். கேட்ட நேரம் சரியில்லை. முந்தின நாள் சாயங்காலம்தான் கிட் என் நாலு மணி நேர வேலையை விழுங்கியிருந்தது.

நடந்தது இதுதான். பில்லிங்கில் ஒரு ரவுண்டிங் பிழை. நாலு கோப்புகளில் கை வைத்து, ஒருவழியாகச் சரிசெய்துவிட்டேன். அதில் ஒரு கோப்பில் மட்டும் சோதனைக்காகப் போட்ட பிரிண்ட் வரிகளைத் தவிர வேறெதுவும் இல்லை. அதைப் பழையபடி ஆக்க வேண்டும். கிட் செக்அவுட், ஒரு இடைவெளி, அப்புறம் கோப்பின் பெயர். பெயருக்குப் பதிலாக விரல் ஒரு புள்ளியை வைத்து என்டரைத் தட்டிவிட்டது. புள்ளி என்றால் இந்த ஃபோல்டரில் இருக்கும் எல்லாமும். கிட் ஒரு கேள்வி கேட்கவில்லை. 'அப்டேட்டட் 3 பாத்ஸ் ஃப்ரம் தி இண்டெக்ஸ்' என்று ஒரு வரி வந்தது. அப்டேட்டாம்! அழித்ததற்கு அந்தப் பெயர்.

மூன்று என்று ஏன் சொன்னது, நாலு கோப்பாயிற்றே என்று பார்த்தால், ஒன்றை மதியமே கிட் ஆட் கொடுத்து ஸ்டேஜ் செய்திருந்தேன், அதாவது அடுத்த கமிட்டில் (வரலாற்றில் பதிவு செய்வதில்) சேர்க்க எடுத்து வைத்திருந்தேன். புள்ளி வைத்த செக்அவுட் ஸ்டேஜில் இருப்பதைத்தான் எடுத்து வைக்கும் என்பதால் அது மட்டும் தப்பித்தது. ஐந்து வருடமாக "கமிட்டுக்கு முன்னால் இன்னொரு படி எதற்கு?" என்று நான் திட்டிக்கொண்டிருந்த அதே ஸ்டேஜிங்! நியாயமாகச் சொல்ல வேண்டுமே, சொல்லிவிட்டேன். மீதியை ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து திரும்ப எழுதினேன்.

மெர்க்குரியலில் இது எப்படி என்று தெரியாதவர்களுக்கு: ரிவர்ட் என்று வெறுமனே அடித்தால் எந்தக் கோப்பு என்று சொல்லாமல் செய்ய மாட்டேன் என்று நின்றுவிடும். எல்லாம்தான் என்று தனியாக எழுதிக் கொடுத்தால் செய்யும். செய்வதற்கு முன்னாலும், நீங்கள் மாற்றி வைத்திருந்த கோப்பை 'ஒரிஜ்' என்ற வால் ஒட்டிப் பக்கத்திலேயே போட்டுவிட்டுத்தான் போகும். அந்த ஒரிஜ் கோப்புகளை நான் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன் தெரியுமா? ஃபோல்டர் முழுக்கக் குப்பை, வாரம் ஒருமுறை கூட்டித் தள்ள வேண்டும் என்று. அன்று ராத்திரி ஒரே ஒரு ஒரிஜ் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

இரண்டும் ஒரே மாதத்தில் பிறந்தவை என்பதுதான் வேடிக்கை. 2005 ஏப்ரலில், லினக்ஸின் மையமான கர்னலை எழுதுகிறவர்களுக்கு, அவர்கள் பயன்படுத்திவந்த இதே வகை மென்பொருளான பிட்கீப்பரின் இலவசப் பயன்பாடு நின்றுபோனதும் லினக்ஸை உருவாக்கிய டோர்வால்ட்ஸ் கிட்டை எழுத ஆரம்பித்தார். சில நாட்களிலேயே மெர்க்குரியலும் வந்துவிட்டது. கிட், பலர் அனுப்பும் திருத்தங்களை (பேட்ச்களை) மலைபோல் வாங்கி இணைக்கும் ஆளுக்காக, அந்த ஆளே எழுதியது. அவருக்கு வேண்டியது வேகம். "நிச்சயமாகத்தானா?" என்று கேட்பதெல்லாம் அவருக்குத் தொந்தரவு.

செக்அவுட்டின் கோளாறே அது இரண்டு வேலை பார்ப்பதுதான். பிராஞ்ச் (வேலையின் தனிக் கிளை) மாறுவதும் அதுதான், மாற்றங்களைத் தூக்கி எறிவதும் அதுதான். முதலாவதை ஒரு நாளைக்கு முப்பது தடவை அடிக்கிறோம், ஆபத்தே இல்லை. கை அந்த நம்பிக்கையிலேயே இரண்டாவதையும் அடிக்கிறது. 2019-ல் 2.23 பதிப்பில் ஸ்விட்ச், ரிஸ்டோர் என்று இரண்டாகப் பிரித்தார்கள். நல்ல காரியம். ஆனால் ரிஸ்டோரும் புள்ளி வைத்தால் அதே மாதிரி சத்தமில்லாமல்தான் துடைக்கும். பெயரை மாற்றியவர்கள் குணத்தை மாற்றவில்லை.

சரி, கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைக்கிறேன். இரண்டு வருடம் முன்பு ஒரு தப்பான ஹார்ட் ரீசெட்டில் (பழைய கமிட்டுக்கே திரும்பிப் போகும் கட்டளை) மூன்று கமிட்கள் காணாமல் போயின. ரெஃப்லாக் என்று அடித்தேன், ஹெட் (நான் அப்போதைக்கு நிற்கும் கமிட்) போன இடம் வந்த இடமெல்லாம் வரிசையாக இருந்தது. இரண்டு நிமிடத்தில் மூன்றும் திரும்பக் கிடைத்தன. எந்தப் பிராஞ்சும் தொடாத கமிட்டைக்கூட நாம் எதையும் மாற்றாமல் விட்டால் முப்பது நாள் ரெஃப்லாக்கில் வைத்திருக்கும். கமிட் செய்ததை இவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொள்கிற ஒன்று, கமிட் செய்யாததை நாதியற்றதாக நடத்துவதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

பிராஞ்ச் விஷயத்தில் கிட்டை அடிக்க ஆளில்லை. ஒரு பிராஞ்ச் என்பது பெரும்பாலும் 41 பைட் கோப்பு, அவ்வளவுதான். காலையில் நாலு தொடங்கி சாயங்காலம் மூன்றை அழித்தால் ஒருவருக்கும் தெரியாது. மெர்க்குரியலில் பெயர் வைத்த பிராஞ்ச் என்றால் அந்தப் பெயர் கமிட்டுக்குள்ளேயே எழுதப்பட்டுவிடும். கிட் பிராஞ்ச் மாதிரி லேசாக, புக்மார்க் என்று ஒரு வசதி இருந்தது, எங்கள் டீமில் அதை யாரும் தொடவில்லை. நான் 2012-ல் 'டெஸ்ட்2' என்று வைத்த பிராஞ்ச், 'ஃபைனல்ஃபைனல்' என்று வைத்த இன்னொன்று எல்லாம் அந்த ரெப்போவில் (கோடும் அதன் வரலாறும் இருக்கும் களஞ்சியத்தில்) இன்றைக்கும் இருக்கின்றன. புதிதாகச் சேரும் பையன்கள் சிரிக்கிறார்கள்.

ஆனால் நாங்கள் இதற்காகவெல்லாம் மாறவில்லை. 2020-ல் எங்கள் ரெப்போ இருந்த ஹோஸ்டிங்கில் மெர்க்குரியலை நிறுத்தினார்கள், மாறினோம். பைத்தான் 2011-ல் மெர்க்குரியலுக்கு வந்து 2017-ல் கிட்டுக்குப் போய்விட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2025-ல் போனது. புரோகிராமர்கள் ஏன் கிட்டை விரும்புகிறார்கள் என்று கேட்டால், பாதிப் பேர் விரும்பவே இல்லை, பக்கத்து சீட்டுக்காரன் வைத்திருக்கிறான் என்பதால் வைத்திருக்கிறார்கள். நானும் அதில் ஒருவன்.

இதையெல்லாம் நண்பனிடம் அரைமணி நேரம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ மெர்க்குரியலுக்கே போயிடலாம்ங்கிற?" என்றான்.

"பைத்தியமா உனக்கு? கிட்டுக்குப் போ."

"ஐந்துக்கு எத்தனை மார்க் தருவ?"

"இன்னைக்கு ரெண்டு. போன மாசம் கேட்டிருந்தா நாலரை."

அவன் டீமில் பதினாறு பேர். நாளைக்கே புதிதாக ஒருத்தனைச் சேர்த்தால் அவனுக்குத் தெரிந்திருக்கப்போவது கிட்தான். சந்தேகம் வந்தால் பதில் கிடைப்பதும் அதற்குத்தான். முதல் வாரத்திலேயே எல்லாருக்கும் சொல்லச் சொன்னேன்: டீ குடிக்க எழுந்தால்கூட ஒரு கமிட் போட்டுவிட்டு எழுந்திருங்கள், மெசேஜ் 'அஆஇஈ' என்று இருந்தாலும் பரவாயில்லை, பிறகு ரீபேஸில் (கமிட்களைத் திருத்தி அடுக்கும் வசதி) ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

எனக்காக ஒன்று செய்துகொண்டேன். செக்அவுட் என்ற பெயரிலேயே ஒரு அலியாஸ் (நாமே வைக்கும் மாற்றுக் கட்டளைப் பெயர்) வைத்து, புள்ளி வந்தால் தடுக்கலாம் என்று பார்த்தேன். உள்ளேயே இருக்கும் கட்டளையின் பெயரில் அலியாஸ் வைத்தால் கிட் அதைக் கண்டுகொள்வதே இல்லை. அதிலும் ஒரு பிடிவாதம்! கடைசியில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லிலேயே ஆறு வரியில் ஒரு ஃபங்ஷன் எழுதிவிட்டேன். புள்ளியைப் பார்த்தால் முதலில், மாறிய கோப்புகளை எல்லாம் பக்கத்திலேயே நகல் எடுத்து வைக்கும். நகலுக்கு என்ன வால் ஒட்டுவது என்று யோசிக்கவே இல்லை, 'ஒரிஜ்' என்றே போட்டேன்.