உள்ளே கேட்கும் குரல், வெளியே தள்ளும் ஊர்: இரண்டு சிங்கப்பூர்ப் படங்கள்

சமூக நெருக்கடி மனிதனை எங்கே பிடிக்கிறது? எரிக் கூவின் ‘12 ஸ்டோரீஸ்’ (1997) உள்ளே என்கிறது. கே. ராஜகோபாலின் ‘எ யெல்லோ பேர்ட்’ (2016) வெளியே என்கிறது.

முதல் படத்தில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கும் சான் சானை இறந்துபோன அம்மாவின் ஏச்சு விடாமல் துரத்துகிறது. உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃபிராய்டு 1923-இல் விளக்கிய சூப்பர் ஈகோ (நமக்குள் இருந்து நம்மைக் கண்டிக்கும் பகுதி) இதுதான்: திட்டியவர் போன பிறகும் திட்டு நமக்குள் குடியிருக்கும். இன்னொரு வீட்டில் மெங், தம்பிக்கும் தங்கைக்கும் ஓயாமல் ஒழுக்கம் போதிக்கிறார். தங்கை தன் விருப்பப்படி வாழ்வது தெரியவந்ததும் உடைந்துபோகிறார். தான் அடக்கிவைத்த ஆசைக்குத்தான் அவளைத் தண்டிக்கிறார் என்று தோன்றுகிறது. நம் தமிழ் வீடுகளிலும் இப்படிப்பட்ட அண்ணன்கள் உண்டு.

இரண்டாவதில் சிவா சிறையிலிருந்து வருகிறான். அம்மா மன்னிக்கவில்லை, அவன் அறையில் வாடகைக்கு ஆட்கள். விடுதலை கிடைத்தும் போக இடமில்லை. நாயகன் தமிழன் என்பதால் நெருக்கம் அதிகம், சரி. ஆனாலும் அவன் மனதுக்குள் படம் அவ்வளவாக நுழைவதில்லை. உளப்பகுப்பாய்வோடு பார்க்க விரும்புகிறவர்கள் ‘12 ஸ்டோரீஸ்’ படத்தில் தொடங்குங்கள், சிவாவை அப்புறம் பாருங்கள்.