ரீஃப்-ராய்ட்ஸ் பவளத் தீனி: சரக்கு நல்லது, அளவுதான் நம்ம ஊருக்கு ஒத்துவராது

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் அடிபடும் பெயர் பாலிப்லேப் கம்பெனியின் ரீஃப்-ராய்ட்ஸ். பவளங்களுக்கென்றே வரும் தூள் தீனி, பழுப்பு நிறம், மூடியைத் திறந்ததும் கருவாட்டுக் கடை வாசம். பாளையங்கோட்டையில் என் 200 லிட்டர் தொட்டியில் கோடையிலும் மழையிலும் போட்டுப் பார்த்துவிட்டேன். நல்ல சரக்கு, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் சொல்லியிருக்கும் அளவை அப்படியே நம்ம ஊர்த் தொட்டியில் கொட்டினால் பாசிக்குத்தான் விருந்து வைத்ததாகும்.

என் தொட்டியில் இருப்பது ஸோவாந்திட், மஷ்ரூம், ஒரு பெரிய லெதர் (மூன்றும் கல் கூடு கட்டாத பவள வகைகள்), ஒரு ஜோடி கிளவுன் மீன், ஒரு கிளீனர் இறால். கல் பவளம் எதுவும் கிடையாது. பாறை கட்டும் பவளம், கரும்பவளம், கடல் விசிறி எல்லாம் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்புள்ள பட்டியலில், இருக்கின்றன. இந்தப் பக்கம் தூத்துக்குடி, அந்தப் பக்கம் ராமேஸ்வரம், நடுவில் 21 தீவுகளோடு தேசியப் பூங்கா என்று இவ்வளவு பக்கத்தில் கடல் இருப்பதால் "ஒரு துண்டு எடுத்துத் தாரேன்" என்று சொல்கிறவர்கள் எப்படியும் வருவார்கள், கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

வெளிச்சம் போட்டால் போதாதா, தீனி எதற்கு என்று புதிதாக ஆரம்பிப்பவர்கள் கேட்பார்கள். எங்கள் ஆச்சி இன்னும் ஒரு படி மேலே போய், "ஏல, கல்லுக்குமா சோறு போடுத?" என்றாள். பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெளிச்சத்தை வைத்துச் சர்க்கரை செய்து கொடுத்துவிடும், அன்றாடப் பாட்டுக்கு அதுவே பெரும்பாலும் போதும். ஆனால் சதை வளர்க்க நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும், அதற்குத்தான் பவளம் தண்ணீரில் மிதந்து வருவதைப் பிடித்துத் தின்கிறது. மீன் நிறைய இருக்கிற தொட்டியில் மீன் கழிவும் மிஞ்சிய தீனியுமே பாதி வேலையைப் பார்த்துவிடும். மீன் குறைவாக இருக்கிற என்னைப் போன்றவர்களுக்குத்தான் இந்தத் தூளுக்குச் செலவழிப்பதில் அர்த்தம் இருக்கிறது.

போடும் விதம்தான் எல்லாம். முதலில் மீனுக்குத் தீனி போட்டு வயிற்றை நிரப்பிவிடுங்கள், இல்லையென்றால் கிளவுன் வந்து பவளத்தின் வாயிலிருந்தே பிடுங்கும். அப்புறம் வேவ்மேக்கரையும் (தண்ணீரை அலை மாதிரி ஓட்டும் பம்ப்) ஸ்கிம்மரையும் (நுரையில் அழுக்கைப் பிரித்தெடுக்கும் கருவி) நிறுத்திவிட்டு, ஒரு டம்ளரில் தொட்டித் தண்ணீர் கொஞ்சம் எடுத்துத் தூளைக் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் உறிஞ்சி, பவளத்தின் மேல் பீய்ச்சாமல் ஒரு விரல் தூரத்தில் பிடித்து மெதுவாக விட வேண்டும். விளக்கு அணைந்து கொஞ்ச நேரம் கழித்துச் செய்தால் இன்னும் நல்லது. மஷ்ரூம் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டுமே! தூள் மேலே படிந்ததும் முதலில் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், பிறகு விளிம்பு மட்டும் மெல்ல எழும்பும், சில நிமிஷத்தில் ஆச்சியின் சுருக்குப் பை மாதிரி மொத்தமாக இழுத்து மூடிக்கொள்ளும். அதற்குள் கிளீனர் இறால் மோப்பம் பிடித்து வந்து அந்தப் பைக்குள் காலை விட்டு நோண்டும், சிரிஞ்ச் நுனியால் அதை விரட்டிக்கொண்டே நிற்க வேண்டியதுதான். ஸோவாந்திட்டில் சில நிறங்கள் மூடிக்கொண்டு தின்கின்றன, சில கண்டுகொள்வதே இல்லை. லெதருக்கு இந்தத் தூளால் பெரிய லாபம் ஒன்றும் தெரியவில்லை. மஷ்ரூம் மட்டும் தெளிவாகவே பெருத்திருக்கிறது, குட்டியும் போட்டிருக்கிறது.

அளவு விஷயத்துக்கு வருகிறேன். 100 கேலனுக்கு, அதாவது சுமார் 378 லிட்டருக்கு, ஒரு டீஸ்பூன், வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை என்பது கம்பெனி கணக்கு. அந்தக் கணக்கில் என் தொட்டிக்கு அரை ஸ்பூன் வரும். நான் போடுவது விரல் நுனியில் அள்ளும் ஒரு சிட்டிகை, அதுவும் வாரம் ஒரு தடவை. தின்னாத தூள் அழுகி பாஸ்பேட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாறும், பிறகு மணல் மேல் சிவப்பாகச் சயனோ என்னும் பாசி மாதிரியான பாக்டீரியா படரும், கூடவே களை மாதிரிப் பெருகும் அய்ப்டேசியா என்னும் குட்டிக் கடல் சாமந்தி தலைதூக்கும். தொட்டித் தண்ணீர் 26 டிகிரியில் இருந்தாலே இந்தக் கதைதான். கத்திரி வெயிலில் ஃபேன் ஓட ஓட 30-ஐத் தொடும் நம்ம தொட்டியில் அழுகல் இன்னும் வேகமாக நடக்கும், சூடான தண்ணீரில் ஆக்ஸிஜனும் குறைவு. அதனால் மே மாதத்தில் நான் தூள் டப்பாவைத் தொடுவதே இல்லை. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும் நேரத்திலும் தீனி போடாதீர்கள். போட்டபின் பம்பை மறுபடி ஓடவிட மறந்துவிடுகிறவர்கள் போனில் ஒரு பத்து நிமிஷ அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிம்மர் மட்டும் ஒரு மணி நேரம் கழித்து ஓடினால் போதும்.

விலை கையைக் கடிக்கும். இருப்பதிலேயே சின்ன டப்பாவை வாங்குங்கள், சிட்டிகைக் கணக்கில் அது தீரவே தீராது. ஆன்லைனில் ஒருவரிடம் மலிவாக இருக்கிறதே என்று ஜிப்லாக் கவரில் பிரித்துக் கட்டிய தூளை வாங்கினேன், ஈரம் ஏறிக் கட்டி கட்டியாக வந்தது, கரைத்தால் மணல் மாதிரி அடியில் தங்கியது, கேட்டதற்குப் பதிலே இல்லை. சீல் உடையாத டப்பா மட்டும் வாங்குங்கள், பிரித்தபின் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஈர ஸ்பூனை உள்ளே விடாதீர்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது, எனக்கு அதுதான் கூடுதலாகப் பிடித்திருக்கிறது: ஆர்டிமியா குஞ்சு. தூத்துக்குடி உப்பளங்களில் தானாகவே வளரும், இறால் மாதிரியான பொடி உயிர்தான் இது, முட்டை டின்னில் கிடைக்கிறது. தலைகீழாக நிறுத்திய பாட்டிலில் உப்புத் தண்ணீர், ஏர் பம்ப், ஒரு நாள், அவ்வளவுதான். 28 டிகிரி வேண்டும் என்பார்கள், மற்ற ஊர்க்காரர்கள் ஹீட்டர் போடுவார்கள், திருநெல்வேலியில் அந்தச் செலவு மிச்சம். காற்றை நிறுத்தி அடியில் டார்ச் காட்டினால் குஞ்செல்லாம் ஆரஞ்சு நிறத்தில் திரண்டு வரும், ஓடு மேலே மிதக்கும். மெல்லிய துணியில் வடிகட்டி நல்ல தண்ணீரில் அலசி அன்றைக்கே போட்டுவிட வேண்டும், நேரம் போகப் போக மஞ்சள்கருவைக் குஞ்சே தின்று தீர்த்து வெறும் கூடாகிவிடும். பவளம் தின்னாமல் விட்டதைக் கிளவுன் தேடித் தேடித் தின்றுவிடுவதால் தண்ணீர் கெடும் பயமும் தூளை விடக் குறைவு. ஒவ்வொரு முறையும் பாட்டில் கழுவுகிற வேலை மட்டும் உண்டு, அதற்கு அலுப்புப்படுகிற வாரத்தில் தூள்.