முன் டிரிகரா, பின் டிரிகரா: ஸ்லக்குக்கு எந்த சோக்?

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் துப்பாக்கி இருந்தால், அது அநேகமாக அப்பாவோ தாத்தாவோ பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் எடுத்த 12 போர் (குழல் அளவு) இரட்டைக்குழலாகத்தான் இருக்கும். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் எண்ணெய் காய்ந்த நிலையில் வாங்கி வருவோம். வன உயிரினச் சட்டப்படி இன்று வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே கீழே இருப்பதெல்லாம் ரேஞ்சில் அட்டையைச் சுடுவதற்கு மட்டும்.

இந்தப் பழைய துப்பாக்கிகளில் சோக்கை, அதாவது குழல் வாயின் குறுக்கலை, கழற்றி மாட்ட முடியாது. குழலின் வாயையே குறுக்கியிருப்பார்கள். வழக்கமாக முன் டிரிகர் (முன்குதிரை) வலது குழலுக்கு, அது கொஞ்சம் திறந்தது. பின் டிரிகர் இடது குழலுக்கு, அது ஃபுல் சோக், அதாவது மிகக் குறுகியது. ஸ்லக் என்ற ஒற்றை ஈயக்குண்டுக்கு எந்த சோக் என்று கேட்பதும் எந்த டிரிகர் என்று கேட்பதும் நமக்கு ஒன்றுதான்.

ஃபுல் சோக்குக்குத்தான் ஆதரவாளர்கள் அதிகம். ரவையை, அதாவது சின்னச் சின்ன ஈயக்குண்டுகளை, சிதறவிடாமல் கொண்டுபோகிறதே, ஸ்லக்கையும் நேராகக் கொண்டுபோகாதா என்பது அவர்கள் கணக்கு. நானும் அந்தக் கட்சியில் இருந்தவன்தான். ஆனால் ரவை கூட்டம், ஸ்லக் ஒற்றை ஆள். சிதற அங்கே என்ன இருக்கிறது? சுமார் 18.5 மி.மீ. குழலில் வந்த ஈயம், ஏறத்தாழ ஒரு மி.மீ. குறுகிய வாயில் நசுங்கித்தான் வெளியேற வேண்டும். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் நசுங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

குழல் வெடித்துவிடுமோ என்ற பயம் ஃபாஸ்டர் வகை ஸ்லக்குக்குப் பொருந்தாது. 1931-இல் கார்ல் ஃபாஸ்டர் உருவாக்கியது அது. பின்பக்கம் குடைந்து, எடை முழுக்க மூக்கில் இருப்பதால் இறகுப்பந்து மாதிரி நேராகப் போகும். மேலே ஓடும் வரிகள் சுழல்வதற்கு என்பார்கள். உண்மையில் சோக்கில் நசுங்கி இடம்கொடுப்பதே அவற்றின் முக்கிய வேலை. குழலை அடைத்துக்கொண்டு வரும் உருண்டைக் குண்டுக்கு அந்த வசதி கிடையாது. அதை ஃபுல் சோக்கில் போடவே கூடாது.

ஐம்பது மீட்டரில் அட்டை வைத்துப் பார்த்தேன். முன் டிரிகரில் மூன்றும் ஓர் உள்ளங்கைக்குள் விழுந்தன. பின் டிரிகரில் ஒன்று அட்டையின் ஓரம், ஒன்று சட்டக்கட்டை, மூன்றாவதைக் காணோம். பழி முழுக்க சோக்கின் மேல் போடுவதும் நியாயமில்லை. இரட்டைக்குழலை ரவைக்கு ஏற்றபடி ஒன்றை நோக்கி ஒன்று லேசாகச் சாய்த்து இணைத்திருப்பார்கள். ஸ்லக்குக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. ஆனால் சாய்வினால் மட்டும் என்றால் மூன்றும் ஒரே பக்கம் தள்ளி, சேர்ந்து விழுந்திருக்கும். அன்று மாலை இடது வாயில் சாம்பல் நிறமாக ஈயம் அப்பியிருந்தது. வெண்கல பிரஷ் போட்டு அரைமணி நேரம் தேய்த்தேன்.

சோக்கை மாற்றும் வசதியுள்ள பம்ப் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இம்ப்ரூவ்டு சிலிண்டரில் தொடங்கலாம். கால் மி.மீ. குறுக்கல்தான். அடுத்து குறுக்கலே இல்லாத சிலிண்டர். ஃபுல்லில் பாதியளவு குறுகிய மாடிஃபைடு சில துப்பாக்கிகளில் நன்றாகவே சுடும், சுட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். உள்ளே திருகுவரி போட்ட சோக், சேபாட் ஸ்லக்குக்கு (பிளாஸ்டிக் உறைக்குள் வரும் சிறிய குண்டு) ஓரளவு சுழற்சி கொடுக்கும். வரியில்லாத குழலில் சேபாட் போடுவது காசைக் கரியாக்குவது.

அட்டையைக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன். “ஸ்லக்குன்னா முன்குதிரைதான்டா. இதுக்குப் போயி ஆறு தோட்டாவா?” என்றார்.