ஐந்து வருடம், 82,000 கிலோமீட்டர், ஒரு ஸ்டீரிங்

இந்த ஏழு சீட் எஸ்யூவியை வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எஞ்சின், ஏசி, சஸ்பென்ஷன் எதையும் குறை சொல்ல முடியாது. மூன்றாவது வரிசையில் பெரியவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது, பிரேக் பேட் ஒரு முறை மாற்றினேன், அவ்வளவுதான். இதை எழுதுவது ஸ்டீரிங்குக்காக.

முதல் தடவை நடந்தபோது வண்டிக்கு இரண்டு வருடம் நான்கு மாதம். 37,000 கிலோமீட்டர். என் மனைவி ஓட்டிக்கொண்டிருந்தாள். பின்சீட்டில் அம்மாவும் மகளும். சிக்னலில் பச்சை விழுந்ததும் மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தாள். 'டிங்' என்று ஒரு சத்தம். டேஷ்போர்டில் ஸ்டீரிங் படமும் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறியும் எரிந்தன. பாதித் திருப்பத்தில் ஸ்டீரிங் கல் மாதிரி இறுகிவிட்டது.

"என்னங்க, திரும்பவே மாட்டேங்குது!"

நான் பக்கத்து சீட்டிலிருந்து கையை நீட்டி இழுத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தும் கொஞ்சம்தான் அசைந்தது. அவள் பிரேக்கை மிதித்ததில் நடுத்தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. அவளுடைய இரண்டு உள்ளங்கைகளிலும் பெருவிரலுக்குக் கீழே சிவந்து கன்றியிருந்தது. எஞ்சினை அணைத்து மறுபடி போட்டோம். விளக்கு அணைந்தது. ஒரு விரலால் திருப்பும் அளவுக்கு ஸ்டீரிங் பழையபடி லேசாகிவிட்டது.

அடுத்த பதினான்கு மாதம் நாங்கள் பட்ட பாட்டுக்கெல்லாம் காரணம் இப்படி அது தானாகச் சரியானதுதான்.

மறுநாளே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். டெக்னீஷியன் என்னையும் ஏற்றிக்கொண்டு 12 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. "வண்டி நல்லாத்தானே இருக்கு சார்" என்றார். ஜாப் கார்டில் 'குறை காணப்படவில்லை' என்று எழுதினார்கள். இரண்டாவது தடவை போனபோது, "பழைய கோட் ஒண்ணு இருந்தது சார், அழிச்சிட்டோம், இனி வராது" என்றார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் இதுதான். எப்போதாவது மட்டும் வரும் குறைக்கு இருக்கும் ஒரே சாட்சி, வண்டியின் கம்ப்யூட்டர் தானாகப் பதிவுசெய்துவைக்கும் அந்த ஃபால்ட் கோட் (பிழைக் குறியீடு). அது என்ன கோட், எந்த வேகத்தில், எத்தனை வோல்ட்டில் பதிவானது என்று எதையும் குறித்துவைக்காமல் அழித்துவிட்டார்கள்.

மூன்றாவது தடவை பேட்டரியை மாற்றினார்கள். அந்தச் சந்தேகத்தில் நியாயம் உண்டு. நின்ற இடத்தில் திருப்பும்போது, ஸ்டீரிங்கைத் திருப்ப நமக்கு உதவும் மோட்டார் பல பத்து ஆம்பியர் இழுக்கும். வோல்டேஜ் இறங்கினால் உதவியை நிறுத்திக்கொள்ளும். நான்காவது தடவை அலைன்மென்ட் பார்த்து, ஆர்த் கம்பியைச் சுத்தம் செய்தார்கள். ஐந்தாவது தடவை, "மேடம் எப்படி ஓட்டுறாங்க?" என்று என்னிடம் கேட்டார்கள். பன்னிரண்டு வருடமாக வண்டி ஓட்டுகிறவள் என் மனைவி. அன்றோடு இந்த வண்டியைத் தொடுவதை நிறுத்திவிட்டாள். மகளை வகுப்புக்கு விடுவது, அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது எல்லாம் என் நேரத்தைப் பார்த்துத்தான் என்று ஆனது.

உள்ளே நடந்ததைப் பின்னால்தான் புரிந்துகொண்டேன். மின்சார பவர் ஸ்டீரிங்கில் நாம் திருப்பும் தண்டுக்கு நடுவில் முறுக்குக் கம்பி ஒன்று இருக்கிறது. நாம் கொடுக்கும் விசைக்கு ஏற்ப அது கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். எவ்வளவு முறுக்கிக்கொண்டது என்பதை டார்க் சென்சார் அளந்து சொல்லும், மோட்டார் அதற்கேற்ற உதவியைக் கொடுக்கும். சென்சாரிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட சிக்னல் போகும். அவை ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் கண்ட்ரோல் யூனிட் உதவியை நிறுத்திவிடும். தப்பான பக்கம் தள்ளிவிடுவதைவிட ஒன்றும் செய்யாமல் இருப்பது மேல் என்பது கணக்கு. அந்தக் கணக்கு சரிதான். அணைத்துப் போட்டதும் சோதனை புதிதாக நடக்கும். அந்த நேரம் பார்த்து சிக்னல் ஒழுங்காக இருந்தால் எல்லாம் சரி என்று விளக்கு அணைந்துவிடும்.

எண்ணெய் அழுத்தத்தால் உதவும் பழைய ஹைட்ராலிக் ஸ்டீரிங் பெரும்பாலும் முன்கூட்டியே முனகும், எண்ணெய் ஒழுகும், நாள்பட நாள்பட இறுகும். மின்சார ஸ்டீரிங்குக்கு அந்த அவகாசம் இல்லை. "பவர் ஸ்டீரிங் இல்லாத காரையே அந்தக் காலத்தில் ஓட்டினோமே" என்று சிலர் சொல்கிறார்கள். அந்தக் கார்களில் ஸ்டீரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நான்கு சுற்று, அதற்கு மேலும் சுற்ற வேண்டும். சுற்று அதிகம், விசை குறைவு. இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் மூன்று சுற்று அளவில் முடிந்துவிடும். டயர் அகலம், முன்பக்கம் கனம். உதவி நின்றால் பழைய காரைவிட இது அதிகம் கனக்கும், அதுவும் மெதுவாகப் போகும்போது.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை. 2014 மே மாதம் வட அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 2008 முதல் 2011 வரையிலான எஸ்கேப், மெர்க்குரி மரைனர் எஸ்யூவிகளில் சுமார் 9 லட்சம் வண்டிகளைக் குறையைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தது (ரீகால்). ஸ்டீரிங் உதவி திடீரென்று போய்விடலாம் என்பது காரணம், குற்றவாளி டார்க் சென்சார். 2024 அக்டோபரில் ஹோண்டா அமெரிக்காவில் சுமார் 17 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. சிஆர்-வி, எச்ஆர்-வி இரண்டும் அதில் உண்டு. அது வேறு குறை: ஸ்டீரிங் கியர்பாக்ஸ் பல்சக்கரத்தில் உராய்வு கூடி ஸ்டீரிங் ஒட்டிக்கொள்வது. என் வண்டி இந்த இரண்டு நிறுவனங்களுடையதும் அல்ல. ஆனால் அந்தச் செய்திகளைப் படித்தபோது, நாம் கற்பனை செய்யவில்லை என்ற நிம்மதி எங்கள் இரண்டு பேருக்கும் வந்தது.

ஆறாவது தடவை வேறு கிளையில் வயதான டெக்னீஷியன் ஒருவர் கிடைத்தார். முழுக்கதையையும் குறுக்கிடாமல் கேட்டார். "அடுத்த தடவை விளக்கு எரிஞ்சா வண்டியை ஓரமா நிறுத்துங்க, ஆனா ஆஃப் பண்ணாதீங்க சார். எனக்கு போன் பண்ணுங்க" என்றார். மூன்று வாரம் கழித்து, அவர்கள் வாசலிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே எரிந்தது. எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தேன். அவரே ஸ்கேனரோடு நடந்து வந்து மாட்டினார். திரையில் இரண்டு கோடுகள். சேர்ந்தே போக வேண்டிய டார்க் சென்சார் சிக்னல்கள். ஒன்று நேராகப் போக, இன்னொன்று நடுங்கி நடுங்கி விழுந்துகொண்டிருந்தது. அதைப் படம் எடுத்து எனக்கும் அனுப்பினார்.

அப்புறம் வாரண்டிச் சண்டை. மூன்று வருட வாரண்டி முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. முடியாது என்றார்கள். காப்பாற்றியது அந்த முதல் ஜாப் கார்டுதான். 'குறை காணப்படவில்லை' என்பதற்கு மேலே, 'திரும்பும்போது ஸ்டீரிங் இறுகியது, விளக்கு எரிந்தது' என்று என் வார்த்தையிலேயே எழுதச் சொல்லியிருந்தேன். வாரண்டிக் காலத்திலேயே தேதியோடு பதிவான புகார் அது. ஒரு மாதம் கடிதம் எழுதிய பிறகு ஸ்டீரிங் தண்டுத் தொகுதியை (column) முழுதாக மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டீரிங் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று அளக்கும் ஆங்கிள் சென்சாரையும் மறுபடி செட் செய்தார்கள்.

உங்களுக்கு இப்படி நடந்தால் பதறி ஸ்டீரிங்கை விட்டுவிடாதீர்கள். சக்கரத்தோடு தொடர்பு அறுந்துபோவதில்லை, உதவி மட்டும்தான் போகிறது. வேகத்தைக் குறையுங்கள், இரண்டு கையாலும் முழு பலத்தோடு திருப்பி ஓரம் கட்டுங்கள். கூட இருப்பவர் டேஷ்போர்டை வீடியோ எடுக்கட்டும், கிலோமீட்டரும் தெரியும்படி. கோட் எண்ணை எழுதித் தராமல் அழிக்க விடாதீர்கள். சேசிஸ் எண்ணை நிறுவனத்திடம் கொடுத்து ரீகால் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இன்னொன்று, நெருக்கமான இடத்தில் பல தடவை முழுசாகத் திருப்பித் திருப்பி பார்க் செய்யும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தால், அது மோட்டார் சூடாகித் தன்னைக் காத்துக்கொள்வதாக இருக்கலாம். ஆறினால் சரியாகிவிடும்.

மாற்றியபின் 25,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. ஒரு தடவைகூட அந்த விளக்கு எரியவில்லை. நாலு மாதம் கழித்துத்தான் என் மனைவி சாவியை மறுபடி கையில் எடுத்தாள். இப்போது தினமும் ஓட்டுகிறாள். எஞ்சினைப் போட்டதும் ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் கொஞ்சம் அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் கியர் போடுகிறாள்.