சிலிம் ரிவர் ராணுவச் சாமான் கடையில் வாங்கிய உருமறைப்பு வலை

நாற்றுகளுக்கு நிழல் கட்ட 3க்கு 4 மீட்டர் வலை ஒன்று வாங்கினேன், 85 ரிங்கிட். நல்ல உறுதி. இலை போல வெட்டிய துணித் துண்டுகள் காற்றில் அசையும்போது நிழலும் சேர்ந்தே அசைகிறது, கீழே இருக்கும் பொருளின் விளிம்பு கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. வெறும் பச்சை நிறம் மட்டும் இந்த வேலையைச் செய்யாது.

கடைக்கார அண்ணனுக்குப் போர் வரலாறு அத்துப்படி. 1942-இல் எகிப்தின் எல் அலமைனில் பிரிட்டிஷ்காரர்கள் டாங்கிகள் மேல் லோரி மாதிரி கூடு மாட்டி ஜெர்மானியரை ஏமாற்றியது, 1944-இல் அமெரிக்கர்கள் காற்றடைத்த ரப்பர் டாங்கிகளும் ஒலிபெருக்கியும் வைத்து இல்லாத படையைக் காட்டியது, எல்லாம் விலை சொல்லும் முன்பே வந்துவிட்டன. 1942 ஜனவரி 7-இல் ஜப்பானிய டாங்கிகள் புகுந்த ஊர் இது. நம் பிள்ளைகள் இந்தக் கதைகளை அவர் வாயால் கேட்க வேண்டும்.

குறை என்றால் ஓரக் கயிறுதான், ரொம்ப மெலிசு. நைலான் கயிறு மாற்றிவிட்டேன். சாயமும் முதல் மழையில் கையில் ஒட்டியது. வாங்குகிறவர்கள் கடையிலேயே விரித்து, தையலை இழுத்துப் பாருங்கள். அண்ணன் ஒன்றும் சொல்ல மாட்டார்.