1,62,000 கொடுத்து வாங்கிய ஹிமாலயன்: பழைய வண்டி எடுக்கிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

முழங்கையில் தோல் உரிந்திருக்கிறது, ஒரு கையால்தான் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டிகளைச் சோதித்து விற்பதாகச் சொல்லும் ஓர் ஆப்பில் 2020 ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக் எடுத்தேன். மீட்டரில் 18,400 கிலோமீட்டர். விலை 1,62,000.

எனக்கு அந்த 24 குதிரைத்திறன் போதும். முன்னால் 21 இன்ச் சக்கரம், 220 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ், 15 லிட்டர் டேங்க், எல்லாவற்றையும் விட பிஎஸ்6 (புதிய புகை விதி) மாடலில் வந்த ஏபிஎஸ் பட்டன். ஏபிஎஸ் என்றால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகிவிடாமல் காப்பது. மண் ரோட்டில் பின்சக்கரத்துக்கு மட்டும் அணைத்துக்கொள்ளலாம், முன்சக்கரத்துக்கு எப்போதும் இருக்கும். அந்த 'எப்போதும்'தான் என்னைக் கவிழ்த்தது.

வண்டி கொண்டுவந்த பையன் டயரைத் தட்டிக் காட்டி, "அண்ணா, கண்ணை மூடிட்டு எடுங்க" என்றான். எடுத்தேன். சாவி போட்டதும் ஏபிஎஸ் விளக்கு எரியவே இல்லை. எரியாவிட்டால் பழுதில்லை என்று நினைத்துக்கொண்ட புத்திசாலி நான்.

ஐந்தாம் நாள் வால்பாறையிலிருந்து இறக்கம், ஒன்பதாவது கொண்டை ஊசி, லோம்ஸ் வியூ பக்கம், தூறல், எதிரே பஸ். முன் பிரேக்கைப் பிடித்ததும் சக்கரம் அப்படியே இறுகிவிட்டது. பஸ் டிரைவர் நிறுத்தியதால் இதை எழுதுகிறேன்.

மெக்கானிக் பிரித்துக் காட்டினார்: சென்சார் ஒயர் வெட்டு, மீட்டருக்குள் விளக்கின் மேல் கறுப்பு டேப். சர்வீஸ் பதிவில் போன வருடமே 47,000 கிலோமீட்டர். ஃபுட்ரெஸ்ட் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்ததை நான் பார்க்கவே இல்லை.

ஆறாம் நாள் கூப்பிட்டேன். "டிக்கெட் போட்டாச்சு சார், 48 மணி நேரத்துல கூப்பிடுவாங்க." எட்டாம் நாள்தான் கூப்பிட்டார்கள், "சாரி சார், ஏழு நாள் ரிட்டர்ன் டைம் முடிஞ்சிருச்சு." அப்போ சோதனை? "அது கண்ணால பார்க்கிறது மட்டும்தான் சார்." பையன் போன் ஸ்விட்ச் ஆஃப். 1,62,000 ரூபாய்ங்க, இரண்டு வருட சேமிப்பு!

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வலிக்கிறது. சாவி போட்டதும் ஏபிஎஸ் விளக்கு எரிந்து, வண்டி நகர்ந்ததும் அணைய வேண்டும். பணம் கொடுக்கும் முன் கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரைச் சொல்லி கிலோமீட்டரைக் கேளுங்கள். ஏமாந்தால் உடனே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடியுங்கள், நான் அடித்துவிட்டேன்.

அப்புறம், இன்று காலை அதே ஆப்பில், அதே மஞ்சள் சுவர் முன்னால் இன்னொரு ஹிமாலயன் நிற்கிறது, 17,900 கிலோமீட்டராம். கோவைப் பக்கம் யாரும் அதை எடுத்துவிடாதீர்கள்.